ஆழத்து வாளை

நீர்த்தேக்கக் குடியிருப்பு
ஜனவரி 9

வாயாடிக்கு,

பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பார்த்ததும், அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று உன் லிஃப்ட் மெக்கானிக்கிடம் பெருமையடித்துக்கொள்ளாதே. நான் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறேன்.

எங்கள் ஐஸ் லாரி டிரைவர் உன் வீட்டுக்குப் பின்தெருவில்தான் சரக்கு இறக்குகிறாராம். உன்னைப் பார்த்தேன் என்றார். மாசமாக இருக்கிறாய், மூன்று மாதம் என்றார். எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. பிறகுதான் மெதுவாக, வாயில் எதை வைத்தாலும் வெளியே வந்துவிடுகிறதாம் என்று இழுத்தார். "தங்கச்சி நாராப் போயிடுச்சு மேஸ்திரி" என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. மீன் பிடிக்க வரும். மூட்டையில் இருப்பது கருவாடு, ஆனால் சந்தைக் கருவாடு என்று நினைத்துவிடாதே. அணைச்சுவரை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறதே, சின்ன வயதில் உன்னைக் கிட்டேயே விடமாட்டேனே, அங்கே கிடக்கும் கிழட்டு வாளைகள். பொடி மீனைத் தின்ற நடு மீனைத் தின்று கொழுத்தவை. ஒவ்வொன்றும் உன் உயரத்தில் பாதி இருக்கும். லாரியில் போவதெல்லாம் பொடியும் நடுத்தரமும்தான். ஆழத்து வாளை சிக்கினால் நான் எடையே போடவிடமாட்டேன், தனியாக எடுத்து வைத்துவிடுவேன். முள் எடுத்து, உப்பைக் குறைத்து, காக்காய் கொத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காயவைத்தேன்.

இந்த வாளைக்கு எனக்கு ஒரே ஒரு போட்டிக்காரன் உண்டு. ஒரு கிழட்டு நீர்நாய். தினமும் காலையில் மீன் இறக்கும் மேடைக்கு வந்து, முன்காலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பான். ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று ஒரு நோட்டம் விடுவான். கங்காணி என்று பேர் வைத்திருக்கிறோம். வாளை என்றால் உயிர். இந்தத் தடவை தலையை மட்டும் அவனுக்குப் போட்டுவிட்டு உடம்பை உனக்கு அனுப்பிவிட்டேன். என்மேல் அவனுக்கு ஏக வருத்தம்.

நல்லதாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 21

என் ஒலிபெருக்கி அண்ணனுக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. வாசலில் பிரித்ததுமே இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார். இவருக்கு ஒரு பேர் உண்டு, நீ அதைச் சொல்லப்போவதில்லை, நானும் உன்னைக் கஷ்டப்படுத்தப்போவதில்லை.

ஒரு துண்டைச் சுட்டு வாயில் வைத்தேன். வெளியே வரப்போகிறது என்று தொட்டிப் பக்கத்தில் தயாராக நின்றேன். வரவில்லை. இன்னொரு துண்டு தின்றேன், அதுவும் நின்றது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பசியில் அழுதேனா உன்னை நினைத்து அழுதேனா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

நன்றி சொல்லியாயிற்று. இனி சண்டை.

அம்மா போன பிறகு நீதான் எனக்கு எல்லாம் என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி, "இத்தன வருஷம் எங்கையால தின்னியே, அத மொதல்ல கக்கிட்டுப் போ" என்றாய். இனி உன்னோடு பேசமாட்டேன் என்றாயே, அதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. போட்ட சாப்பாட்டைச் சொல்லிக்காட்டினாய் பார், அதுதான். இந்த மூன்று மாதமும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் விழுந்தது. அண்ணன் வாய் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரி விசாரணை டெலிபோனில்தான் இன்னும் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரில் இருக்கிற எல்லோரிடமும் பேசுகிறேன், உன்னிடம் மட்டும் பேச முடியாது. உன் ஆபீஸிலும் போன் இருக்கிறது. சரி, அதை விடு. நீ வாக்குத் தவறாதவன் ஆயிற்றே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ இந்தக் கரையில் நின்று "ஏய் வாயாடி" என்று கூப்பிட்டால் அந்தக் கரையில் ஆடு மேய்க்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பாரே, அந்தக் குரலை என் பிள்ளை கேட்க வேண்டும். பிரசவத்துக்கு வருவாயா?

வாயாடி


பிப்ரவரி 17

வாயாடிக்கு,

நான் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைப்பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகரமாட்டேன் என்கிறது. அதனால் மூட்டையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருக்கிறேன். மூன்று மாதத்துக்குக் காணும். டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன், உன் வீட்டு மாடிவரை அவரே தூக்கி வந்து வைப்பார், நீ தூக்காதே.

கங்காணிக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது. போன வாரம் தலையை அவன் மூக்குக்கு நேராகத்தான் போட்டேன். கவ்வினான், ஆனால் மீன் ஒரு பக்கம் கிடக்கிறது, வாய் வேறொரு பக்கம் மூடுகிறது. ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தண்ணீரில் இறங்கியவன், ஒற்றைத் துடுப்புப் படகு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அப்போது சிரிப்பு வரவில்லை.

ஆபீஸ் பூனைக்கும் என்னவோ ஆகிவிட்டது. மீன் கழிவைத் தின்று தின்று கொழுத்துக் கிடந்த பூனை, இப்போது பின்னங்கால் இழுக்கிறது. குடித்தவன் மாதிரி சுவரில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறது. பட்டமரத்தில் இருக்கும் மீன்கழுகுக் கூட்டில் இந்த வருஷமும் குஞ்சு இல்லை. மீன்கொத்தி ஒன்று பட்டப்பகலில் மின்கம்பியில் மோதி என் காலடியில் விழுந்தது. கண் நன்றாகத்தான் இருந்தது, கம்பி தெரியவில்லை போல. மேலே காஸ்டிக் சோடா ஆலையிலிருந்து வருகிற தண்ணீர் சரியில்லை என்று வலைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். மேலாளர் என்னவென்றால், ஆலை நேற்றா ஓட ஆரம்பித்தது, போய் வேலையைப் பாருங்கள் என்கிறார்.

பிரசவத்துக்கு வருவதைப்பற்றிக் கேட்டிருந்தாய். வந்தால் பேச வேண்டிவரும். பார்க்கலாம்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு,

பார்க்கலாம் என்று எழுதிவிட்டாய். உன் அகராதியில் அதற்குச் சரி என்று அர்த்தம். இவரிடம் சொல்லிவிட்டேன்.

பிள்ளை அசைகிறது அண்ணே. அதுவும் உன் வாளையைச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில்தான் ஒரு உதை விடுகிறது. மாமன் வீட்டு ருசி இப்போதே தெரிந்துவிட்டது. காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. வேறெதுவும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, பரவாயில்லையே, தேறிவிட்டாயே, என்ன சாப்பிடுகிறாய் என்றார். என் அண்ணன் அனுப்புகிறார் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் கர்வமாக இருந்தது.

கங்காணிக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன், திட்டாதே. வனவிலங்கு டாக்டர் ஒரு அம்மா எங்கள் சோதனைக்கூடத்தைக் கேட்டு அடிக்கடி போன் பண்ணுவார். லைன் கிடைக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவோம். நீ எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நீர்நாய் சுற்றுவதைச் சொன்னபோது உச்சுக்கொட்டினார். பூனையைப்பற்றிச் சொன்னதும், அது எதைத் தின்கிறது என்று கேட்டார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வந்தால் உன் முரட்டுத்தனத்தைக் காட்டாமல் படகில் ஏற்றிக்கொண்டு போ.

இன்னொன்று. இவர் உனக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்கிறார். எழுதி எழுதிக் கிழிக்கிறார். என்ன தப்பு செய்தார் என்று இவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, இருந்தாலும் நீ வருவாய் என்றால் மன்னிப்பே கேட்டுவிடுகிறேன் என்கிறார். எழுதச் சொல்லவா?

வாயாடி


மார்ச் 25

தங்கச்சிக்கு,

இனி மீன் வராது. அங்கே இருப்பதையும் சாப்பிடாதே. தூக்கிப் போட்டுவிடு. காரணம் கேட்காதே, சொன்னதைச் செய்.

அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணன் அவர்களுக்கு,

காரணம் கேட்கமாட்டேன். எனக்கே தெரியும்.

இவர் கடிதம் எழுதட்டுமா என்று நான் கேட்டேன், அதற்கு இதுதான் பதில். அவர் வாடை இந்த மூட்டையில் பட்டுவிட்டது, அதனால் தூக்கிப் போட வேண்டும். அப்படித்தானே? முன்பு தின்றதைக் கக்கச் சொன்னாய், இப்போது தின்பதை நிறுத்தச் சொல்கிறாய். கொடுப்பதும் நீ, பிடுங்குவதும் நீ. வயிற்றுப்பிள்ளைக்காரி வாயிலிருந்து பிடுங்குகிறோமே என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

நீ கொடுத்ததையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் என்று தெரிந்தும் ஏமாந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மூட்டையில் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. ஒரு துண்டு விடமாட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க உனக்கு வெட்கமில்லை என்றால், தின்ன எனக்கும் வெட்கமில்லை.

நீ பிரசவத்துக்கு வர வேண்டாம்.


ஏப்ரல் 10

வாயாடி,

இதை முழுக்கப் படி. கோபம் வந்தாலும் கிழிக்காமல் படி.

மீனில் விஷம் இருக்கிறது. முதலில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து மீதியைப் படி. நாய்க்கும் போடாதே, பூனைக்கும் போடாதே. குழி தோண்டிப் புதைத்துவிடச் சொல் உன் வீட்டுக்காரரை.

நீ அனுப்பிய டாக்டரம்மா வந்தபோது கங்காணி மேடைக்கு அடியில் கிடந்தான். இழுப்பு வந்து நான்கு காலும் ஆடிக்கொண்டிருந்தது. நான் தலையை மடியில் வைத்துக்கொண்டேன், என்னைக் கடிக்கப் பார்த்தான், கடி காற்றில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டான். ஐஸ் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கிடத்தி அறுத்துப் பார்த்தார். மூளை, ஈரல், ஒரு கொத்து மயிர் என்று எடுத்துக்கொண்டு போனார். செத்துப்போன பூனையையும் ஐஸில் போட்டு வைத்திருந்த மீன்கொத்தியையும் நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். பாதரசமாம். ஆலைத் தண்ணீரோடு வந்து சேற்றில் படிகிறது. சேற்றுப் புழுவிலிருந்து பொடி மீனுக்குப் போகிறது, பொடியைத் தின்கிற மீனில் இன்னும் கூடுகிறது. ஒவ்வொரு வாய் மாறும்போதும் கூடிக்கொண்டே போகுமாம். காயவைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

"பொடி மீன்ல கொஞ்சம்தான் இருக்கு. அந்த ஆழத்துல கெடக்குற பெரிய வாளை இருக்கே, அதத்தான் தொடவே கூடாது. மாசமா இருக்கிறவங்க வாயில படவே கூடாது" என்றார். தாயைவிட வயிற்றில் இருப்பதைத்தான் அது முதலில் தேடிப் போகுமாம்.

ஊருக்கெல்லாம் பொடி மீனை அனுப்பினேன். உனக்கென்று தேடித் தேடி, எடைகூடப் போடவிடாமல் எடுத்து வைத்தேன். என் கை விளங்காமல் போக.

போன கடிதத்தில் ஏன் இதை எழுதவில்லை என்று கேட்பாய். மேலாளர் எங்களையெல்லாம் உட்காரவைத்து, ஒரு வார்த்தை வெளியே போனால் சந்தையில் மீன் விலைபோகாது, அத்தனை குடும்பமும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். அன்றிலிருந்து எங்கள் கடிதமெல்லாம் ஆபீஸ் பையில்தான் போகும், குமாஸ்தா பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவான். அதனால் சுருக்கமாக எழுதினேன், டிரைவரிடம் கொடுக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாய் என்று நினைத்துவிட்டேன். நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஆபீஸ் போனை எடுத்தேன். மணி அடித்தது. "வணக்கம், ஆஸ்பத்திரி விசாரணை, சொல்லுங்க" என்றாய். மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயந்து வைத்துவிட்டேன் என்று எழுதினால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். பாதி அதுதான். மீதிப் பாதி, பேசமாட்டேன் என்று சொன்ன வாய் திறக்கவில்லை.

இதை டிரைவரிடம் கொடுக்கிறேன். தபாலில் போடாதே, யார் கையிலும் கொடுக்காதே, அவள் கையில் நேராகக் கொடு என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் கூந்தலில் ஒரு கொத்து வேரோடு ஒட்ட வெட்டி அனுப்பு. உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா அதில் பார்த்துச் சொல்வார்.

தூக்கி எறிந்துவிட்டாய்தானே?

அண்ணன்


மே 29

அண்ணே,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

டிரைவரைத் திட்டாதே, அவர் வாசலில் நின்று அழுதுவிட்டார். இந்த ஊர் வியாபாரிகள் காதில் ஏதோ விழுந்துவிட்டது என்று உன் மேலாளர் லாரியை மலைக்கு அந்தப்பக்கச் சந்தைக்குத் திருப்பிவிட்டாராம், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்று. அத்தனை நாளும் உன் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது, கொடுத்தாயா என்று நீ கேட்டபோது பயந்துபோய்த் தலையாட்டிவிட்டாராம். தபாலில் போட்டிருக்கலாமே என்றேன். "மேஸ்திரி சத்தியம் வாங்கிட்டாரும்மா" என்றார். வேர்வையில் நனைந்து நனைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

மூட்டை காலியாகிவிட்டது. போன வாரம்தான் முடிந்தது. அடியில் கிடந்த தூளைக்கூடத் தட்டி எடுத்துத் தின்றேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏப்ரலிலேயே எனக்குக் குமட்டல் நின்றுவிட்டது. எதை வேண்டுமானாலும் சாப்பிட முடிந்தது. உன் கருவாடு எனக்குத் திகட்டியே போயிருந்தது. இருந்தும் விடாமல் தின்றேன். ரோஷத்தில் தின்றேன். தூக்கிப் போடு என்றாயே, இதோ பார், இதோ பார் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துண்டாகத் தின்றேன்.

போனில் நீதான் என்று எனக்குத் தெரியும். மூச்சை வைத்தே ஆளைச் சொல்கிற வேலை என்னுடையது, உன் மூச்சு தெரியாமல் போகுமா? பேசுவாய் என்று லைனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் மற்ற அழைப்புகள் அடித்துக்கொண்டே இருந்தன. நீ வைத்துவிட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

கூந்தல் இத்துடன் இருக்கிறது. வேறு சமயமாக இருந்தால், எனக்குச் சூனியம் வைக்கவா என்று கேட்டிருப்பேன். இங்கே பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளை அசைகிறது. முன்பு மாதிரிதானா, குறைவா என்று கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே.


ஜூன் 16

வாயாடிக்கு,

கூந்தலைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மறைக்காமல் எழுதுகிறேன், மறைத்து எழுதித்தான் இந்தக் கதிக்கு வந்தோம்.

முடியைக் கண்ணாடிமேல் நீட்டிவைத்துச் சின்னச் சின்னதாக நறுக்கினார். வேர்ப்பக்கம் இந்த மாதம், நுனிக்குப் போகப் போகப் பழைய மாதமாம். போன வருஷத்து முடியில் ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஏற ஆரம்பித்து, மார்ச்சில் ஏறி, மே மாதத்தில் உச்சிக்குப் போயிருக்கிறது. நான் அனுப்பிய ஒவ்வொரு மூட்டையும் உன் தலையில் அப்படியே இருக்கிறது. கங்காணி மயிரில் இருந்ததைவிடக் குறைவுதான் என்றார். அந்த அம்மாவுக்கும் ஆறுதல் சொல்ல வராது போல.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், பிறந்து வளர்ந்தால்தான் தெரியும் என்றார்.

அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆலையின் கழிவுக்குழாய் வாய்வரை போனேன். நாணலுக்குள் மறைந்திருக்கும், பழகியவனுக்குத்தான் தெரியும். சேறு அள்ளிக்கொண்டு போனார். மறுநாளே மேலாளர் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார். குடியிருப்பை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் லாரியும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அங்கே போய்ச் சந்தையில் நின்று சொல்லிப் பார்த்தேன். வேலை போன கோபத்தில் உளறுகிறான் என்று பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

என் முடியிலும் இருக்கிறது. இருக்காதா பின்னே, வாளை வால்பக்கமெல்லாம் நான்தானே தின்றேன். விரல்நுனி மரத்துப் போயிருக்கிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, சொல்லப்போனால் ஒரு நியாயம்தான்.

மேடைக்கு அடியில் ஒரு பெண் நீர்நாய் குட்டி போட்டிருந்தது, கங்காணியின் ஜோடி என்று நினைக்கிறேன். ஒரு குட்டி பால் குடிக்கத் தெரியாமலே செத்துவிட்டது. இன்னொன்று இருக்கிறது. தாய் தண்ணீரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், குட்டி திரும்பாது. இதை உனக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவும் மனசு வரவில்லை.

பிரசவத்துக்கு வரமாட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்?

அண்ணன்


ஆகஸ்ட் 2

வாயாடிக்கு,

ஆண் குழந்தை என்று டிரைவர் சொன்னார். கை, கால், விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச்சொல்லியிருந்தேன். எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருக்கிறது மேஸ்திரி, அழகாக இருக்கிறான் என்றார்.

கங்காணிக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நீ எழுதாமல் இருப்பது சரிதான். நான் இப்போது பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறேன், வண்டி கழுவுகிற வேலை. விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. சும்மா எழுதி வைத்தேன்.

அண்ணன்


நவம்பர் 20

அண்ணனுக்கு,

உன் போன கடிதத்தில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு ஓடுகிறது. விலாசத்தைப் படிக்க இவரும் நானும் விளக்குக்கடியில் உட்கார்ந்து மல்லுக்கட்டினோம். டாக்டரிடம் காட்டினாயா, அல்லது அதையும் நியாயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயா?

அவனைப்பற்றி எழுதுகிறேன். நான்கு மாதம் முடிந்துவிட்டது. கழுத்து நிற்கவில்லை. விரலைக் கொடுத்தால் பிடிக்கிறான், பிடித்ததை மறந்துவிடுகிறான். சிரிக்கவில்லை. பால் குடிக்கிறான், அதைத் தெரிந்துகொண்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உன் நீர்நாய்க் குட்டியை நினைத்துக்கொண்டு முதல் ஒரு வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாள் முழுக்க யார் யாருக்கோ கேட்கிற என் குரல் இவனுக்குக் கேட்கவில்லை. காது டாக்டர் சோதனை பண்ணிவிட்டு, "காதுல ஒரு கோளாறும் இல்லம்மா. கேட்டது போய்ச் சேரவேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரல" என்றார். பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். எதுவரைக்கும் என்று சொல்வதில்லை. இவர் பழைய லிஃப்ட் மணி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். சில நாள் கண்ணைச் சிமிட்டுகிறான். மணிக்குச் சிமிட்டுகிறானா, சும்மா சிமிட்டுகிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இவர் மணிக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறார். நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். சில நாள் உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. நீ அனுப்பியதற்காக இல்லை, நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பினாய். போனை வைத்தாயே, அதற்காக. சில நாள் என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அந்த ஆலைக்காரனை மட்டும் என்னால் நினைக்கவே முடியவில்லை, அவன் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்த முகங்கள் உன்னுடையதும் என்னுடையதும்தான்.

வனவிலங்கு டாக்டரம்மா போன் பண்ணினார். நீ காட்டிய குழாயைப்பற்றி மேலே எழுதியிருக்கிறாராம், பதில் வரவில்லையாம். அந்தக் குட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். தாய் இன்னும் அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டு கிடக்கிறது என்றார்.

அண்ணே, நானும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இவரும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், மணியும் அடித்துப் பார்த்தாயிற்று. நீ மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. அணையின் அந்தக் கரைவரை போகிற குரல் உன்னுடையது. எந்த முகத்தோடு வருவேன் என்று எழுதியிருந்தாயே, இருக்கிற முகத்தோடு வா. வந்து தொட்டில் பக்கத்தில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒருதடவை உரக்கக் கூப்பிடு.

அவன் திரும்பாவிட்டால், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

வாயாடி